மொட்டை மாடி ஒழுகினால் முதலில் பூச்சு டின் வாங்கப் போகாதீர்கள்

கேட்கப்பட்ட விஷயம் இதுதான். மதுரைப் பக்கம் 2004-இல் கட்டிய வீடு, மேலே 30-க்கு 30 அடி, அதாவது 900 சதுர அடி மொட்டை மாடி. காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லி போட்டு, அதற்கு மேல் சிவப்புத் தட்டோடு பதித்திருக்கிறார்கள். மூன்று வருடமாக ஐப்பசி வந்தால் ஹால் மூலையில் ஈரம் பரவுகிறது, மழை விட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துச் சொட்டவும் செய்கிறது. போன வருடம் ஒரு பெயிண்டர் வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுத்தார், முதல் பெரிய மழையிலேயே பழைய கதை. இப்போது ஒருவர் தளம் முழுவதையும் உடைத்துப் போட ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார், இன்னொருவர் ரசாயனப் பூச்சுக்கு 45 ஆயிரம், மூன்றாமவர் இருக்கிற ஓட்டின் மேலேயே கூலிங் டைல்ஸ் பதித்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேரையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். மூவருமே மேலே ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சதுர அடியைப் பெருக்கி விலை சொன்னவர்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று ஒருவராவது பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் செலவழித்தால் 45 ஆயிரமும் வீண், ஒன்றே முக்கால் லட்சமும் வீண். நான் 26 வருடம் கட்டட வேலையை மேற்பார்வை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஒழுகும் வீடு என்று கூப்பிட்டுப் போய்ப் பார்த்ததில், மாடியின் நடுப்பகுதி ஒழுகிய வீடுகள் சொற்பம்தான். பெரும்பாலும் ஓரம், மூலை, மழைத்தண்ணீர்க் குழாயின் வாய், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் பூச்சு அடிப்பவர் அடிப்பதென்னவோ நடுப்பகுதியில்தான், ரோலர் அங்கேதான் சுலபமாக உருளும்.

நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது, மழை விட்ட பிறகு தாமதமாகச் சொட்டுவது. செங்கல் ஜல்லித் தளத்தை ஒரு கெட்டியான ஸ்பாஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு இணைப்பிலோ சுவரோரத்திலோ நுழைந்த தண்ணீர் அந்த ஜல்லிக்குள் ஊறி, கீழே காங்கிரீட்டைத் தொட்டதும் அதன் மேலேயே வாட்டம், அதாவது சரிவு, பார்த்து மெல்ல நகரும். எங்கே காங்கிரீட்டில் ஒரு மயிரிழை வெடிப்போ, கட்டும்போது விட்டுப்போன பொத்தலோ இருக்கிறதோ அங்கே வந்துதான் கீழே இறங்கும். அதனால் ஹாலில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே போய் ஓட்டை தேடுவதில் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் நுழைந்த இடம் பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம், அதுவும் பெரும்பாலும் வாட்டத்தின் மேட்டுப் பக்கம். மழை பெய்யும்போதே உடனுக்குடன் சொட்டியிருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன், அது நேர்வழி, குழாய் ஓரமாகவோ பெரிய வெடிப்பாகவோ இருக்கும்.

ஃபேன் கொக்கியிலோ லைட் பாக்ஸிலோ சொட்டுகிறதா என்றும் பாருங்கள். காங்கிரீட் போடும்போதே உள்ளே கரண்ட் பைப் புதைத்திருப்பார்கள். தளத்துக்குள் இறங்கிய தண்ணீர் அந்தப் பைப்பில் எங்காவது ஒரு இணைப்பில் புகுந்து, சௌகரியமாகப் பயணம் செய்து ஃபேன் பாக்ஸில் வந்து எட்டிப் பார்க்கும். அப்படி இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைனை மட்டும் உடனே துண்டிக்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். மழைநாளில் மட்டும் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் அணைத்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச், விழுந்துகொண்டே இருந்தால் அதைத் திட்டாதீர்கள், எடுத்துவிட்டு நேர் லைன் கொடுக்கவும் சொல்லாதீர்கள். வீடுகளில் பொதுவாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும் வகை. ஈரம் வயருக்குப் போய்விட்டது என்று அது உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, தண்ணீர் போகும் வழியை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பாத்தி கட்டினால் போதும். தளம் போட்டதும் கொத்தனார் மணலும் சிமென்டும் குழைத்துச் சின்னச் சின்ன வரப்பாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவாரே, அதே வேலைதான். மாடியை நாலு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். களிமண்ணோ மெலிந்த சிமென்ட் கலவையோ வைத்து வரப்புப் போட்டு, முதலில் தாழ்வான பாகத்தில் மட்டும், சுவரைத் தொடாமல் ஓர் அடி தள்ளி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். உங்களுடையது ஜல்லித் தளம் என்பதால் ஒரு நாள் போதாது, 48 மணி நேரமாவது விடுங்கள். கீழே ஒன்றும் வரவில்லை என்றால் அந்தப் பாகத்தின் நடுப்பகுதி சுத்தம். தண்ணீரை வடித்துவிட்டு அடுத்த மேட்டுப் பாகம். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் சுவரோரம்: ஹோஸை மெல்லத் திறந்து, கைப்பிடிச் சுவரின் அடியில் மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு இரண்டு நாள் காத்திருங்கள். குழாய் வாயைத் தனியாகச் சோதிக்க, ஒரு ஈரத்துணியைப் பந்தாகச் சுருட்டி வாயை அடைத்துவிட்டு அதைச் சுற்றி மட்டும் ஒரு பாத்தி.

இந்த வரிசை முக்கியம். தாழ்விலிருந்து மேட்டுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் நனைத்துவிட்டால் ஒழுகுகிறது என்பது மட்டும்தான் தெரியும், அது நமக்கு ஏற்கெனவே தெரியும். சிலர் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து பார்க்கச் சொல்வார்கள். வெறும் காங்கிரீட் தளத்துக்கு அது நல்ல யோசனைதான், குளியலறைக் கசிவுக்கும் உதவும். ஜல்லித் தளத்தில் நிறம் வழியிலேயே வடிகட்டப்பட்டு, கீழே வெறும் தண்ணீராக வந்து நம்மை ஏமாற்றும். ஒரு வாரம் ஆகும் இந்த வேலைக்கு. மூன்று வருடம் பொறுத்தவர் ஒரு வாரம் பொறுக்கலாம்.

மேல்நிலைத் தொட்டி எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஹால் மூலைக்கு மேல் இருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். கோடையில், மழையே இல்லாத மாதத்தில், அந்த ஈரம் முழுதாகக் காய்கிறதா என்பதே போதுமான அடையாளம். சித்திரையிலும் ஈரம் இருந்தால் மழையை விட்டுவிட்டு, தொட்டி வழிவதையோ குழாய் இணைப்புக் கசிவையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இனி ஒவ்வொரு குற்றவாளியாக வருகிறேன், என் அனுபவத்தில் யார் மேல் அதிகச் சந்தேகமோ அந்த வரிசையில்.

முதல் ஆள் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் ஓரம். ஏன் அங்கே வெடிக்கிறது என்றால், தளம் வெயிலில் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. காங்கிரீட் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவு நீளும். உங்கள் 30 அடித் தளம், பகலுக்கும் இரவுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் போய்வருகிறது. அதன் மேல் நிற்கும் செங்கல் சுவர் அதே அளவு நகர்வதில்லை. வருடத்துக்கு 365 முறை இப்படி இழுபறி நடந்தால் இரண்டும் சேரும் கோட்டில் பூச்சு வெடிக்காமல் என்ன செய்யும்? மேல்மாடி அறைகளில், கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஒரு கோடு ஓடியிருந்தால் அதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான், அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று பயப்பட வேண்டாம். இந்த ஓர வெடிப்பைச் சிமென்ட் பால் ஊற்றி அடைப்பது வேலைக்காகாது. சிமென்ட் ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்காது, அடுத்த சித்திரையில் அதே கோட்டில் அதே வெடிப்பு.

அங்கே செய்ய வேண்டியது: ஓரத்தில் முக்கால் அங்குல அகலம், அதே ஆழத்துக்கு உளியால் ஒரு காடி, அதாவது பள்ளக் கோடு, எடுத்து, தூசியைச் சுத்தமாக ஊதி, காய்ந்த பிறகு நீளக்கூடிய சீலன்ட், பியூ (பாலியூரிதேன்) சீலன்ட் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் குழலாகக் கிடைக்கும், அதை வைத்து நிரப்ப வேண்டும். அது இறுகியதும், எஸ்பிஆர் லேடெக்ஸ் என்ற ரப்பர் பால் கலந்த சிமென்ட் கலவையால் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே இரண்டு அங்குலத்துக்குச் சரிவாகக் கோவிங் பிடிக்க வேண்டும். முழங்கையை மடக்கின மாதிரிச் செங்கோணமாக இருக்கும் ஓரத்தில் எந்தப் பூச்சும் சரியாக ஒட்டாது, மடிப்பில் மெலிந்து கிழியும், அதற்காகத்தான் இந்தச் சரிவு. பிறகு பூச்சு, அதற்குள் ஃபைபர் வலை வைத்து, தளத்தில் ஓர் அடி, சுவரில் ஓர் அடி ஏற்றி அடிக்க வேண்டும். உங்களுக்குப் பெயிண்டர் அடித்துக் கொடுத்தது சுவரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு அங்குலத்தோடு நிறுத்தியிருப்பார் என்பது என் ஊகம்.

சுவரின் தலையையும் மறக்காதீர்கள். கைப்பிடிச் சுவரின் மேல்பக்கம் மட்டமாக இருந்தால் தண்ணீர் அங்கேயே ஊறி, செங்கல் வழியாகவே இறங்கி, நீங்கள் ஓரத்தில் செய்த எல்லா வேலைக்கும் அடியில் போய்த் தளத்துக்குள் நுழையும். சுவர் தலையில் மாடிப் பக்கமாகச் சாய்வு இருக்க வேண்டும், அதன் பூச்சில் வெடிப்பு இருக்கக் கூடாது. அரசங்கன்று ஏதாவது முளைத்திருந்தால் இலையைக் கிள்ளுவது போதாது. பூச்சை உடைத்து, வேரோடு எடுத்து, மிச்ச வேரைக் கருக வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். காக்கை விதைத்ததைக் கொத்தனார் அறுப்பார் என்று எங்கள் மேஸ்திரி ஒருவர் சொல்வார்.

இரண்டாவது ஆள் மழைத்தண்ணீர்க் குழாயின் வாய். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். திருச்சியில் என் சொந்த வீட்டில், ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் வீட்டில், நல்ல சரக்காக வாங்கி மூன்று கை பூச்சு அடித்தேன். அடுத்த மழையில் மாடிப்படி மூலையில் ஈரம். ஒரு கை கூடுதலாக அடித்தேன். மறுபடியும் ஈரம். இரண்டு வருடம் கழித்து ஒரு வயதான கொத்தனார் வந்து, குழாயைக் கையால் பிடித்து ஆட்டிக் காட்டினார். பல் ஆடுவது போல ஆடியது. பிவிசி குழாயில் சிமென்ட் ஒட்டுவதே இல்லை, அதோடு வெயிலில் காங்கிரீட்டைப் போல ஐந்தாறு மடங்கு நீளும் பொருள் அது. சுற்றி ஒரு நூல் அளவு இடைவெளி விழுந்து, மாடியில் பெய்த மழை முழுக்க அந்த வாயைத் தேடித்தானே வருகிறது, வருகிற தண்ணீரில் ஒரு பங்கு குழாய்க்கு வெளியே இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று கை பூச்சுக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை அதைச் சரி செய்ய. குழாயைச் சுற்றி இரண்டு அங்குலம் கொத்தி எடுத்து, சுருங்காத கிரௌட், அதாவது இடைவெளியை அடைக்கும் கலவை, ஊற்றி, குழாயை ஒட்டிச் சீலன்ட் வைத்து, பூச்சைக் குழாயின் வாய்க்குள்ளேயே இரண்டு அங்குலம் இறக்கிவிட்டோம், அவ்வளவுதான்.

குழாய் என்று வந்ததால் இன்னும் இரண்டு சொல்கிறேன். நாலு அங்குலக் குழாய் ஒன்றுக்கு 400, 500 சதுர அடிக்கு மேல் விடக் கூடாது என்பது என் கணக்கு, அதனால் உங்கள் மாடிக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். வாயில் தட்டையான ஜல்லடை போட்டிருந்தால் நாலு வேப்பிலையும் ஒரு பிளாஸ்டிக் கவரும் போதும், மாடி நீச்சல்குளம் ஆகிவிடும். குமிழ் மாதிரி மேலே எழும்பிய மூடி வாங்கிப் போடுங்கள். அப்புறம், குழாய் கீழே எங்கே போகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-இல், உங்கள் வீடு அதற்கு அடுத்த வருடம் கட்டியது, ஆகவே கட்டாயம் ஒரு தொட்டி இருக்கும், அதைக் கட்டிய நாளிலிருந்து யாரும் திறந்திருக்கவும் மாட்டார்கள். அதிலிருக்கும் கூழாங்கல்லும் மணலும் சேறு கட்டி இறுகிவிட்டால் தண்ணீர் போக இடமின்றிக் குழாயிலேயே நிற்கும், மாடியில் தேங்கும். மாடிக்குச் செலவழிக்கும் முன் ஒரு நாள் ஆள் வைத்து அதை அள்ளிக் கழுவிப் போடுங்கள்.

மூன்றாவது, வாட்டம். பத்தடிக்கு இரண்டு அங்குலம் இருந்தால் கவலையே இல்லை. ஒன்றரை இருந்தாலும் ஓடிவிடும். ஒன்றுக்குக் கீழே போனால் தேங்கத்தான் செய்யும். ரசமட்டம் எல்லாம் வேண்டாம், மாடியை நன்றாக நனைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறதோ அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒன்றிரண்டு சின்னக் குட்டை என்றால் அந்த ஓடுகளை மட்டும் எடுத்து, அடியில் கலவை கொடுத்து உயர்த்திப் பதிக்கலாம். மாடியில் பாதிக்குக் கோடு விழுந்தால்தான் பெரிய வேலை. எவ்வளவு விலை உயர்ந்த பூச்சானாலும் தண்ணீர் எப்போதும் நிற்கும் இடத்தில் சீக்கிரம் உப்பி எழும்பும். பூச்சு என்பது நம் சட்டை மேல் போடும் மழைக்கோட்டு மாதிரி, அதைப் போட்டுக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினால் நனையத்தான் செய்வோம்.

நாலாவதாக ஓட்டு இணைப்புகள். இருபது வருடத் தளத்தில் இணைப்புச் சிமென்ட் பொடிந்து பாசி பிடித்திருக்கும். பழைய சரக்கைக் கம்பியால் கால் அங்குலமாவது சுரண்டி எடுத்துவிட்டு பாலிமர் கலந்த கிரௌட்டை அழுத்தி நிரப்ப வேண்டும், மேலோட்டமாகத் தடவிவிட்டுப் போனால் ஆறு மாதம் கூட நிற்காது. ஒவ்வொரு ஓட்டையும் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்றால் பிடிப்பு இருக்கிறது, பொத்தென்றால் அடியில் கலவை விட்டுவிட்டது. பொத்தென்ற ஓடுகளுக்குப் பெருக்கல் குறி போடுங்கள்.

அந்தப் பெருக்கல் குறிகள்தான் தளத்தை உடைப்பதா வேண்டாமா என்பதற்கு விடை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொத்தென்று கேட்டால், அல்லது ஓர் ஓட்டைப் பெயர்த்துப் பார்க்கும்போது சித்திரையிலும் அடி ஜல்லி ஈரமாக, சுண்ணாம்பு மண்ணாக உதிர்ந்து வந்தால், ஒன்றே முக்கால் லட்சக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இல்லாவிட்டால் நல்ல தளத்தை உடைக்க வேண்டாம். இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய முறையில் செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும், மணலே சேர்க்காமல், குழைத்துக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தபடி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை துள்ளித் திரும்பும் வரை தட்ட வேண்டும் என்பது கணக்கு. ஒலியிலேயே மேஸ்திரி கண்டுபிடித்துவிடுவார். அப்படித் தட்டின தளம் வெயிலையும் தடுக்கும், கொஞ்சம் அசைந்தும் கொடுக்கும். இன்று அதற்கு ஆளும் கிடையாது, பொறுமையும் கிடையாது. உடைத்தால் அந்த இடத்தில் வருவது சிமென்ட் கலவைதான், அதன் கீழே வீடு முன்பைவிடச் சூடாக இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உடைத்தே ஆக வேண்டும் என்றால், மிஷின் வைத்து உடைக்க விடாதீர்கள், அதிர்ச்சியில் அடிக் காங்கிரீட்டில் புது வெடிப்பு விழும். கையால், ஓரத்திலிருந்து. உடைத்த கழிவை மாடியிலேயே ஒரே மூலையில் மலையாகக் குவிக்கவும் விடாதீர்கள், அன்றன்றே இறக்க வேண்டும்.

மூன்றாமவர் சொன்ன கூலிங் டைல்ஸ் யோசனை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஈரமான ஜல்லியை மேலே மூடி வைத்தால் அது காய வழியே இல்லாமல் கீழ்ப்பக்கமாகத்தான் வேர்க்கும். எடையையும் பாருங்கள்: 900 சதுர அடிக்கு ஓர் அங்குலக் கலவை மட்டுமே நாலு டன்னைத் தாண்டும், டைல்ஸின் எடை தனி. இருபது வருடக் கம்பிக்கு இந்தச் சுமை எதற்கு? போதாதற்குக் குழாய் வாய் பள்ளத்தில் போய்விடும், கதவுப் படிக்கும் மாடி மட்டத்துக்கும் இருந்த உயரமும் குறைந்துவிடும், அப்புறம் தண்ணீர் மாடிப்படி அறைக்குள் வரும்.

ஆக, சோதனையில் ஓரமோ குழாயோ மாட்டினால், உங்களுக்குத் தேவை இரண்டாமவர்தான், ஆனால் அவர் சொன்ன வரிசையில் அல்ல. முதலில் குழாய், ஓரம், இணைப்பு, குட்டை. கடைசியில்தான் பூச்சு. பூச்சுக்கு முன் போன வருடத்து வெள்ளையில் உரிந்ததெல்லாம் சுரண்டி எடுக்கப்பட வேண்டும், பாசியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, பிரஷர் பம்பால் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி: இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தளம் இன்னும் ஈரம், அதன் மேல் பூச்சு அடித்தால் கொப்புளம்தான் மிஞ்சும். உங்கள் பெயிண்டர் எந்த மாதத்தில் அடித்தார்? புரட்டாசியில் அவசர அவசரமாக அடித்திருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. இந்த வேலைக்கு மாசியிலிருந்து வைகாசி வரை உள்ள வெயில்தான் நேரம், அதிலும் காலையிலும் மாலையிலும், உச்சிவெயிலில் அல்ல.

என்ன பூச்சு என்று கேட்பீர்கள். வீட்டு மாடிக்கு அக்ரிலிக் எலாஸ்டோமெரிக், அதாவது ரப்பர் மாதிரி இழுபடும் வகை போதும், ஒரு கை ப்ரைமர், அதன் மேல் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கை. பியூ பூச்சு இன்னும் நன்றாக நீளும், விலையும் அப்படியே. தார் ஷீட்டைத் தீக்காட்டி ஒட்டுகிறார்களே, அது நல்ல பொருள்தான், ஆனால் திறந்த வெயிலில் அப்படியே விட்டு அதன் மேல் நடமாடினால் சீக்கிரம் கெடும், மேலே காப்பு வேண்டும். கம்பெனி எது என்பதைவிட எவ்வளவு கனமாக அடிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். டின்னின் மேலேயே ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர அடி என்று அச்சடித்திருப்பார்கள். 900-ஐ அதால் வகுத்து, இரண்டு கைக்கு எத்தனை டின் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டு, டின்னை நீங்களே வாங்கிக் கொடுங்கள், காலி டின்னை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி மோர் மாதிரி நீட்டி அடிப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய திருட்டு. வெள்ளை நிறமே கேளுங்கள், வெயில் திருப்பி அடிக்கப்பட்டுக் கீழ் அறையில் சூடு குறையும், தளம் நீண்டு சுருங்குவதும் குறையும்.

பத்து வருட கேரண்டி என்று ஒரு காகிதம் நீட்டுவார்கள். அதைப் படித்துப் பார்த்தால் மறுபடி பொருள் மட்டும் தருவோம், கூலி உங்களுடையது, வெடிப்பு விழுந்தால் செல்லாது என்றெல்லாம் இருக்கும். காகிதத்தைவிடப் பணம் நம் கையில் இருப்பது நல்லது. பேசும்போதே சொல்லிவிடுங்கள், வேலை முடிந்து ஒரு வாரம் கழித்துப் பாத்தி கட்டி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்ப்போம், கால்வாசித் தொகை அதற்குப் பிறகுதான் என்று. ஒத்துக்கொள்ளாதவருக்குத் தன் வேலை மேல் நம்பிக்கை இல்லை.

ஹால் சீலிங்கை இப்போது தொடாதீர்கள். மேலே சரியாகி, அந்தப் பகுதி முழுதாகக் காய ஒரு கோடை போக வேண்டும். உள்பக்கமாக வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிப்பது, பட்டி பார்ப்பது, அசிங்கமாக இருக்கிறதென்று ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது, இவையெல்லாம் கட்டியைப் பவுடர் போட்டு மறைப்பது போலத்தான். மறைத்த பின்னால் உள்ளே என்ன நடக்கிறது என்பதே தெரியாது. நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை (பிஎச்) 12, 13 அளவில் இருக்கும் வரை உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்காது. வருடக்கணக்கில் ஈரமும் காற்றும் மாறி மாறிப் போனால் அந்தக் காரம் குறைந்து கம்பி துருப்பிடிக்க ஆரம்பிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அந்த நெருக்கலில்தான் சீலிங் காங்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. தூங்குகிறவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும்? ஒரு நீளக் கம்பால் ஈரமான பகுதியைத் தட்டிப் பாருங்கள். வெறும் பெயிண்ட் உரிந்து, உப்புப் பூத்திருந்தால் பரவாயில்லை. பொத்தென்று கேட்டாலோ, பழுப்புக் கறை கோடு கோடாகக் கம்பி போகும் வரிசையில் தெரிந்தாலோ, அந்த மூலையில் கட்டிலோ நாற்காலியோ போடாதீர்கள், ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். உதிர்ந்ததைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூசி, பாலிமர் கலவையால் நிரப்புவது வழக்கமான வேலை. ஆனால் கம்பியின் கனத்தில் கால்வாசி போயிருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டிவரும், அதைக் கொத்தனார் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

ஒரு இடைச்செருகல். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது காங்கிரீட்டே இல்லாத பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு இருந்தால், தேக்கு உத்திரமும் அதன் மேல் சாய்வாகக் குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல்லும் இருக்கும் வீடு, மேலே சொன்ன பூச்சு எதையும் அப்படியே செய்துவிடாதீர்கள். சுண்ணாம்பு மூச்சு விடும் பொருள். அதைச் சிமென்டால் இறுக்கி மூடினால் ஈரம் உத்திரத்துக்குப் போய் மரம் உளுத்துவிடும். அதற்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த வருடம் மழை ஆரம்பித்துவிட்டால் நிரந்தர வேலை எதையும் தொடங்காதீர்கள். நல்ல கனமான தார்ப்பாய் வாங்கி, ஓரத்தையும் கைப்பிடிச் சுவரையும் சேர்த்துப் போர்த்தி, சுவருக்கு வெளியே தொங்கவிட்டுக் கட்டுங்கள், தளத்தில் மட்டும் விரித்தால் பயன் இல்லை. ஒரு நன்மையும் உண்டு. ஓரத்தைப் போர்த்தியதும் சொட்டு நின்றுவிட்டால் பாதிச் சோதனை இலவசமாக முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்த பிறகு மாடியை யார் தொடுகிறார்கள் என்பதில் கண் இருக்கட்டும். கேபிள்காரர் டிஷ் மாட்ட நாலு போல்ட் அடித்துவிட்டுப் போவார், சோலார்காரர் எட்டு அடிப்பார், கல்யாணப் பந்தலுக்குக் கடப்பாரையால் குழி எடுப்பார்கள். சோலார் கால்களைக் காங்கிரீட் கட்டைகளில் பதித்து மாடி மேல் வெறுமனே உட்கார வைக்க முடியும், காற்றின் வேகத்துக்குத் தகுந்த எடை கணக்கிட்டுக் கேளுங்கள், செய்து கொடுப்பார்கள். வருடா வருடம் புரட்டாசி முடிவதற்குள் குழாய் வாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, சருகை அள்ளிவிடுங்கள். ஐந்தாறு வருடத்தில் பூச்சுக்கு மேல் ஒரு கை மறுபடி தேவைப்படும், அதற்கு முழு வேலையும் செய்ய வேண்டியதில்லை.

பாத்திச் சோதனை முடிந்ததும் எந்தப் பாகத்தில், எத்தனை மணி நேரத்தில் ஈரம் வந்தது என்று தேதியோடு குறித்து வையுங்கள். குழாய் வாய் என்று தெரிந்தால் காண்ட்ராக்டரே தேவையில்லை, ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள்.